பைக் இருக்கிறவன் டேட்டா எடுக்கட்டும்

எட்டாவது செமஸ்டர் ஆரம்பிச்ச முதல் வாரம் நம்ம கேன்டீன்ல நடக்கிற வேலைப் பிரிவினையை யாராவது பக்கத்து டேபிள்ல உட்கார்ந்து கவனிச்சிருக்கீங்களா? டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும். கோடிங் தெரிஞ்சவனுக்குக் கோடிங். இங்கிலீஷ் சரளமா வர்றவங்களுக்குப் பிபிடியும் ரிவ்யூவும். டீம்ல ஒரு பொண்ணு இருந்தா ரிப்போர்ட் அவங்க தலையில. "நீங்கதான் நீட்டா பண்ணுவீங்க"ன்னு ஒரு பாராட்டும் சேர்த்துக் கொடுத்துடுவோம். மிச்சம் இருக்கிற நாலாவது ஆள்கிட்ட பைக் இருந்தா டேட்டா கலெக்‌ஷன். பைக் இல்லேன்னா பிரிண்ட் அவுட், பைண்டிங், ஸ்பைரல் கடைக்கு அலையுற வேலை.

இது சண்டையில்லாம முடியுறதால சரியான பிரிவினைன்னு நினைச்சுக்கிறோம். எனக்கு அப்படித் தோணலை.

முதல்ல ஒரு விஷயம். அண்ணா பல்கலைக்கழக 2021 ரெகுலேஷன்ல எட்டாவது செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கு 10 கிரெடிட், வாரத்துக்கு 20 பீரியட். நாலு வருஷத்துல வேற எந்தப் பேப்பருக்கும் இவ்வளவு இடம் கிடையாது. ஒரு குழுவில அதிகபட்சம் நாலு பேர். அந்த 10 கிரெடிட்டும் நாலு பேரோட மார்க் ஷீட்லயும் முழுசா ஏறும், ஆளுக்கு இரண்டரைன்னு பிரிச்சுப் போட மாட்டாங்க. அதாவது நாலு பேரும் ஒரு முழு ஆராய்ச்சியைச் செஞ்சு பார்த்திருக்காங்கன்னு யுனிவர்சிட்டி நம்புது. ஆனா அதில ஒருத்தர் மூணு மாசமா எழுத்து சைஸும் அலைன்மென்ட்டும்தான் சரி பண்ணிக்கிட்டு இருந்திருப்பார்.

"அவனவனுக்குத் தெரிஞ்சதை அவனவன் செய்யுறதுதானே நியாயம், கம்பெனியில அப்படித்தானே?" உண்மைதான், கம்பெனியில அப்படித்தான். அங்க பொருள் வெளியே போகணும், தேதி இருக்கு, கஸ்டமர் காத்திருக்கார். தெரிஞ்சவன் கையில கொடுத்தாத்தான் காசு. நம்ம ப்ராஜெக்ட்டை யார் வாங்கப் போறாங்க? வைவா முடிஞ்ச மறுநாள் அந்த ஆர்டுயினோ போர்டைக் கழட்டி அடுத்த பேட்சுக்குக் கொடுத்துடுவோம். மாடல் லேப் அலமாரிக்கு மேல தூசி படியும். கடைசியில மிஞ்சப் போறது நாலு ஆளுங்க மட்டும்தான். தெரிஞ்சவனுக்கே தெரிஞ்ச வேலையைக் கொடுத்தா அந்த நாலு பேரும் உள்ளே வந்தபோது எப்படி இருந்தாங்களோ அப்படியேதான் வெளியே போவாங்க. கோடிங் தெரிஞ்சவன் இன்னும் கொஞ்சம் கோடிங் கத்துப்பான். மேடையில பேசத் தெரியாதவன் பேசாமலேயே டிகிரி வாங்கிடுவான்.

நான் எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம். அதனால எந்த டீமுக்குப் போனாலும் நான் வாயைத் திறந்து கேட்கிறதுக்கு முன்னாடியே பிபிடி என் பக்கம் வந்துடும். யாரும் என்கிட்ட, "உனக்கு சால்டரிங் பண்ணிப் பார்க்க ஆசையா?"ன்னு கேட்டது கிடையாது. பட்டாசு ஊர்ல இருந்து, தமிழ் மீடியத்துல படிச்சு வந்த பையன்கிட்ட, "ரிவ்யூல நீ பேசுறியா?"ன்னும் யாரும் கேட்டது கிடையாது. ரெண்டும் ஒரே பழக்கத்தோட ரெண்டு பக்கம்.

இப்ப ஒரு டீமோட கதை. எனக்குத் தெரிஞ்ச ஆளுங்க. எந்த காலேஜ், எந்த டிபார்ட்மென்ட்னு கேட்காதீங்க.

தலைப்பு: பட்டாசு ஆலை அறைக்குள்ள வெப்பமும் ஈரப்பதமும் அளவு மீறினா எச்சரிக்கிற கருவி. நம்ம மாவட்டத்துல வருஷத்துக்குக் குறைஞ்சது பத்து டீமாவது இதை ஏதாவது ஒரு பெயர்ல எடுக்கும், அதைக் குத்தம் சொல்லலை. வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசின்னு விபத்துச் செய்தி வராத வருஷம் இல்லாத ஊர்ல வேற எதைத்தான் எடுப்போம்? பிரிவினையும் வழக்கம்போல. கோடிங் ஆள் ஒருத்தன், பிபிடி ஆள் ஒருத்தன், ரிப்போர்ட்டுக்கு ஒரு பொண்ணு, டேட்டாவுக்கு சாத்தூர் பக்கத்து கிராமத்துப் பையன். அவன்கிட்ட பைக் இருந்தது. அவங்க அம்மா பல வருஷமா பட்டாசு ஆலையில திரி வேலை பார்க்கிறவங்க. இது டீம்ல எல்லாருக்கும் தெரியும். "உங்க அம்மா அங்கதானே, உள்ள போய் ரீடிங் எடுத்துட்டு வந்துடு"ன்னு சொன்னதோட அந்தத் தகவலோட உபயோகம் முடிஞ்சு போச்சு.

டிசைன் இரண்டே நாள்ல ரெடி. ஒரு ஈஎஸ்பி32 போர்டு, சென்சார், பஸ்ஸர், வைஃபை வழியா மொபைலுக்கு மெசேஜ். வெப்பம் ஏறினா ரிலே ஆன் ஆகி எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும். பெட்டியை மருந்து அறையோட கூரைக்குக் கீழே மாட்டணும். பையன் அந்தப் படத்தை போன்ல அம்மாகிட்ட காட்டியிருக்கான். அவங்க கேட்ட முதல் கேள்வி:

"ஏய்யா, அந்தப் பெட்டிக்குள்ள கரண்டு ஓடுமா?"

ஓடும்னு சொல்லியிருக்கான். "போனையே வாசல்ல வாங்கி வெச்சுக்கிட்டுத்தான உள்ள விடுறாக. இதை எப்பிடிய்யா உள்ள வைப்பீக?" அடுத்து ஃபேனைப் பத்தி. "காத்தடிச்சா மருந்து பறக்காதா?"

யோசிச்சுப் பாருங்க. மருந்து புழங்குற அறைக்குள்ள இரும்புச் சாமான் கூடாது. பருத்தித் துணிதான் உடுத்தணும். உடம்புல இருக்கிற நிலைமின்சாரம் இறங்குறதுக்காக வாசல்ல இருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டுட்டு உள்ளே போகணும். தரையில ரப்பர் விரிப்பு. ஒரு துளி பொறிக்கு இவ்வளவு பயப்படுற இடம் அது. அங்க பாதுகாப்புக் கருவின்னு சொல்லி ஒரு ரிலேயை, 'டிக்'னு ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள்ள சின்னப் பொறி விடுற சாமானை, கொண்டுபோய் மாட்டப் போறோம். அலுமினியத் தூள் மிதக்கிற காத்தை ஃபேன் வெச்சுக் கலக்கப் போறோம். எலக்ட்ரானிக்ஸ் படிச்ச நாலு பேருக்கு இது தோணலை. அவங்க அம்மாவுக்கு முதல் பார்வையிலேயே தோணிடுச்சு.

பையன் இதை வந்து டீம்ல சொன்னான். கேட்க வைக்கவே நாலைஞ்சு நாள் ஆச்சு. டிசைன் அவனோட ஏரியா இல்லையே! "நீ ரீடிங் மட்டும் எடுத்துட்டு வா மச்சான், மத்ததை நாங்க பார்த்துக்கிறோம்." கடைசியில ரிப்போர்ட் எழுதுற பொண்ணுதான், ரிலே பத்தின பாராவை எழுத உட்கார்ந்தப்ப, அவன் சொல்றது சரின்னு புரிஞ்சு சண்டை போட்டாங்க. அவங்களுக்கும் டிசைன் ஏரியா இல்லைங்கிறதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. கருவி செய்யுற திட்டத்தை ஓரமா வெச்சுட்டு அவங்க ஒரு கேள்வி எடுத்தாங்க: அறைக்கு வெளியே, நிழல்ல வெச்சு எடுக்கிற அளவை வெச்சு உள்ளே இருக்கிற வெப்பத்தைக் கணிக்க முடியுமா? மருந்தே இல்லாத ஒரு காலி அறையைப் பிடிச்சாங்க. ஆலை அறை மாதிரியே இரண்டு பக்கமும் கதவு உள்ள அறை. உள்ளே ஒண்ணு, வெளியே ஒண்ணுன்னு சென்சார் வெச்சு காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ரீடிங். எந்த நேரத்துல வித்தியாசம் அதிகம், கதவு திறந்திருந்தா எவ்வளவு, மூடியிருந்தா எவ்வளவு. என்னைக் கேட்டா, அது ஆராய்ச்சியா மாறினது அந்த வாரத்துலதான். அதுவரைக்கும் அது நெட்ல இருந்து எடுத்த கோடு.

ரிவ்யூ அன்னிக்கு வழக்கம்போல இங்கிலீஷ் ஆள் பேசினான். பேனல்ல ஒருத்தர் கேட்டார், "சென்சாரை ஏன் உள்ளே வைக்கலை?" இதைவிட நல்ல கேள்வி அந்த ப்ராஜெக்ட்டுக்கு வர முடியாது. "சேஃப்டி பர்பஸ் சார்"னு மூணு வார்த்தையில பதில் முடிஞ்சது. செம்புத் தகடு, ரிலே, பறக்குற தூள் எல்லாம் தெரிஞ்ச பையன் வரிசையோட கடைசியில கையைக் கட்டிக்கிட்டு நின்னான். பேசுறது அவனோட பார்ட் இல்லையே.

இதைத்தான் நான் சொல்ல வர்றேன். நம்ம பிரிவினையில டேட்டா எடுக்கிறது எடுபிடி வேலை. ஆனா நம்ம ஊர் சம்பந்தப்பட்ட எந்த ப்ராஜெக்ட்லயும், பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் எதுவா இருந்தாலும், விஷயம் தெரிஞ்ச ஆள் பெரும்பாலும் அந்த எடுபிடிதான்.

வெளியுலகத்துல ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுறவங்களுக்கும் இந்தச் சண்டை உண்டு. அதுக்காகவே 'கிரெடிட்'னு ஒரு வகைப்பாடு வெச்சிருக்காங்க. ஒரு ஆராய்ச்சியில இருக்கிற வேலைகளை 14 வகையாப் பிரிச்சு, யார் எதைச் செஞ்சாங்கன்னு கட்டுரையிலேயே அச்சடிக்கணும். யோசனை ஒரு வகை, செய்முறை ஒரு வகை. சாஃப்ட்வேர் அந்தப் பதினாலுல ஒண்ணே ஒண்ணு. களத்துல இறங்கி அளவெடுக்கிறது தனி. எடுத்த தரவைச் சுத்தம் பண்ணிக் காப்பாத்துறது தனி. வந்த முடிவைத் திரும்பச் சரிபார்க்கிறது தனி. முதல் வரைவு எழுதுறதும் திருத்துறதும்கூட ரெண்டு தனித்தனி வேலை. 2022இல் அமெரிக்காவில இதை முறையான தரநிலையாவே ஆக்கிட்டாங்க. நம்ம ரிப்போர்ட் முதல் பக்கத்துல நாலு பெயர், நாலு ரெஜிஸ்டர் நம்பர், அதோட சரி. "இந்தப் பொண்ணு வெறும் ரிப்போர்ட்தான் எழுதுச்சு"ன்னு சொல்ற வாய்க்கு, இலக்கிய ஆய்வு, தரவு ஒழுங்கு, திருத்தம், கைடு பின்னாடி அலையுற நிர்வாகம்னு பாதி பட்டியல் அந்த 'வெறும்'ங்கிற சொல்லுக்குள்ள அடங்கிப்போச்சுன்னு தெரியுறதில்லை.

நாலு பேர்னு சொன்னேன் இல்லையா. பட்டாசு ஆலையிலும் அதே எண்தான். மருந்து புழங்குற ஒரு அறைக்குள்ள ஒரே நேரத்துல நாலு பேருக்கு மேல வேலை செய்யக்கூடாதுங்கிறது விதி. அங்க வேலையை ஆபத்தை வெச்சுப் பிரிச்சிருக்காங்க. கலக்குற இடம் வேற, அடைக்கிற இடம் வேற, திரி செருகுறது வேற, காய வைக்கிற மேடை வேற. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல இடைவெளி. ஒரு அறையில தப்பு நடந்தா அடுத்த அறைக்குப் போகக்கூடாது. ஆனா இத்தனை பிரிவுக்கும் மேல ஃபோர்மேன்னு ஒருத்தர் இருந்தாகணும். எல்லா அறையும் தெரிஞ்ச ஆள்.

அந்தப் பிரிவினை கெட்டுப்போனா என்ன ஆகும்னு 2021 பிப்ரவரி 12 அன்னிக்குப் பார்த்தோம். சாத்தூர் பக்கம் அச்சங்குளத்துல நடந்த விபத்துல 20 பேருக்கு மேல இறந்தாங்க. உரிமம் ஒருத்தர் பெயர்ல இருக்க, ஆலையைப் பலருக்கு உள்குத்தகைக்கு விட்டிருந்தது அப்புறம் தெரிய வந்தது. உயிரையும் மார்க்கையும் ஒரே தராசுல வைக்கக்கூடாது, வைக்கலை. ஆனா உள்குத்தகைங்கிற பழக்கம் நமக்குப் புதுசில்லை. மதுரையில ப்ராஜெக்ட் சென்டர்ல காசு கட்டி, கோடும் ரிப்போர்ட்டும் வாங்கிட்டு வந்து, நாலு பேர் பெயரைப் போடுறோமே, அதுக்கு வேற என்ன பெயர்? பெயர் ஒருத்தருது, வேலை வேற எவரோடதோ, பொறுப்பு யாருதுமில்லை. அப்படி வாங்கின ஒரு 'பட்டாசு ஆலைப் பாதுகாப்புக் கருவி'யை யாராவது உண்மையிலேயே நம்பி மாட்டிட்டா? இந்த ஒரு தலைப்புல மட்டும் விளையாட்டு வேண்டாம்னு எனக்குத் தோணுது.

சிவகாசிக்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதை ஒண்ணு இருக்கு. 1920களோட ஆரம்பத்துல பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கத்துக்க கல்கத்தா போனாங்க. உறவுக்காரங்க. ஊர்ல மழை இல்லை, விவசாயத்தை நம்ப முடியாது. மாசக்கணக்கா அங்க தங்கி, தொழிலை முழுசாக் கத்துக்கிட்டுத் திரும்பி வந்து ஒண்ணாத் தொடங்கினாங்க. சில வருஷம் கழிச்சு சண்டையில்லாமப் பிரிஞ்சாங்க. ஒருத்தருக்கு அணில் மார்க், இன்னொருத்தருக்கு காக்கா மார்க். இதைத் தொழில்முனைவுக் கதையா நிறைய மேடையில கேட்டிருப்பீங்க. நான் கவனிக்கிறது வேற. பிரிஞ்சதுக்கப்புறம் ரெண்டு பேராலயும் தனித்தனியா ஆலை நடத்த முடிஞ்சது. "நீ குச்சியைப் பார்த்துக்கோ, நான் மருந்தைப் பார்த்துக்கிறேன்"னு கல்கத்தாவிலேயே பாகம் போட்டிருந்தா, பிரிஞ்ச அன்னிக்கே ரெண்டு பேர் கதையும் முடிஞ்சிருக்கும்.

நம்ம டீம் மே மாசத்துல பிரிஞ்சிடும். இதுல சந்தேகமே இல்லை.

இப்ப நீங்க கேட்கப் போறது தெரியும். "எல்லாரும் எல்லாம்னா, சும்மா இருக்கிறவன் இன்னும் சும்மா இருப்பானே?" நியாயமான பயம். நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் தேர்ல வடம் பிடிக்கிற கூட்டத்துல, கையை வெச்சுக்கிட்டு இழுக்காம நடக்கிற ஆளை எல்லாரும் பார்த்திருப்போம். (நானும் சின்ன வயசுல அதைத்தான் செஞ்சேன், எட்டு வயசுல வடத்தைத் தொடுறதே சாதனை.) ரிங்கெல்மன்னு ஒரு பிரெஞ்சு வேளாண் பொறியாளர் கயிறு இழுக்க வெச்சே இதை அளந்து 1913இல் வெளியிட்டார். எட்டு பேர் சேர்ந்து இழுக்கும்போது ஒவ்வொருத்தரும், தனியா இழுத்தப்ப காட்டின பலத்துல ஏறக்குறைய பாதியைத்தான் காட்டினாங்க. ஆனா பிற்பாடு வந்த ஆய்வுகள் இன்னொண்ணும் சொல்லுது: ஒவ்வொருத்தரோட பங்கும் தனியாத் தெரியும்னா இந்தச் சோம்பல் குறையும். அதே தேர்ல சக்கரத்துக்கு அடியில கட்டை போடுற ஆளைப் பாருங்க. நூத்துக்கணக்கான பேர் முன்னாடி இழுக்கும்போது, சக்கரத்து ஓரமா நின்னு சரியான நொடியில கட்டையைச் செருகுறவர் ஒரு கணம்கூடச் சும்மா இருக்க முடியாது. அவர் கை வெச்சது தேர் திரும்பும்போது தெரியும்.

நம்ம டீம்ல சும்மா இருக்கிறவனை நான் கவனிச்ச வரைக்கும், பாதிப் பேர் சோம்பேறி இல்லை. முதல் வாரத்துலேயே அவனுக்கு பைண்டிங் வேலை கொடுத்துட்டோம். பைண்டிங் ஏப்ரல்ல. ஜனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் அவன் என்ன செய்யணும்னு எதிர்பார்க்கிறோம்? மீதிப் பாதி நிஜமாவே சோம்பேறிதான், அதுக்கு மருந்து என்கிட்ட இல்லை.

அதனால என் கோரிக்கை சின்னது. முதல் மூணு வாரம் பாகம் போடாதீங்க. நாலு பேரும் சேர்ந்து ஒரு தடவை களத்துக்குப் போங்க, பஸ்லயாவது. நாலு பேரும் ஒரு சென்சாரையாவது கையால இணைச்சு, ஒரு ரீடிங்கையாவது நோட்டுல எழுதி, ஒரு பக்கமாவது அறிக்கை எழுதிப் பாருங்க. கோடு மோசமா இருக்கும், ஓடாது, பரவாயில்லை. அதுக்கப்புறம் பிரிங்க. பிரிக்கும்போது ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பொறுப்பாளர், அதைச் சரிபார்க்க இன்னொருத்தர். ரீடிங்கைக் கோடிங் ஆள் சரிபார்க்கட்டும், கோடை டேட்டா ஆள் வரி வரியா விளக்கச் சொல்லிக் கேட்கட்டும். விளக்க முடியலைன்னா அது எங்கிருந்தோ ஒட்டின கோடு.

ரிவ்யூல யார் பேசுறதுன்னு அன்னிக்குக் காலையில சீட்டுக் குலுக்கிப் போடுங்க. இதைத்தான் எல்லாரும் எதிர்ப்பாங்க, "மார்க் போயிடும்"பாங்க. கொஞ்சம் போகலாம். தமிழ்லயே விளக்க அனுமதி கேட்டுப் பாருங்க. நான் பார்த்த பல பேராசிரியர்கள் "சொல்லுப்பா"ன்னுதான் சொல்லியிருக்காங்க. திக்கித் திணறி ஜனவரியில பேசின ஆள் ஏப்ரல் வைவாவுக்கு நிமிர்ந்து நிப்பான், அதை என் கண்ணால பார்த்தேன். பிளேஸ்மென்ட் டிரைவ், நேரமில்லைங்கிறதும் உண்மைதான். ஆனா இன்டர்வியூல உட்கார்ந்ததும் முதல் கேள்வியே "உங்க ப்ராஜெக்ட் பத்திச் சொல்லுங்க". அங்க போய், "சார், நான் பைண்டிங் பார்த்துக்கிட்டேன்"னு எப்படிச் சொல்றது?

மூணாவது வருஷ மக்களுக்கு ஒரு தகவல். இன்னும் கொஞ்ச நாள்ல உங்க கைக்கு டைட்டில் ஃபார்ம் வரும். அதில நாலு பெயருக்கும் சேர்த்து ஒரே கட்டம்தான் இருக்கும். பின்பக்கம் முழுக்கக் காலி. யார் எதுக்குப் பொறுப்பு, யார் எதைச் சரிபார்க்கிறது, எந்த ரிவ்யூல யார் பேசினாங்கன்னு அங்க எழுத ஆரம்பிச்சு, ஒரு காப்பியைக் கைடுகிட்ட கொடுத்துடுங்க.